பாதியாகப் போடச் சொன்ன பில்

அன்பு மகன் எர்மெக்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நாரினில் நாங்கள் சுகம், ஹாம்பர்க் குளிரில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு பெர்மெத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் ஆகிவிட்டது.

கோடையில் வந்திருந்தபோது அவளை ஆற்றங்கரை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றைக்கே எல்லாம் முடிந்துபோயிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. நீ சந்தோஷமாக வந்து, "அவ டாக்டரும்மா, சொந்தமா சம்பாதிக்கிறா, பில்லை ஆளுக்குப் பாதியாப் போடச் சொன்னேன், அதுதான் அவளுக்கு மரியாதை" என்றாய். நீ இருக்கிற ஊரில் மரியாதையாக இருக்கலாம். இங்கே பெண்ணைக் கூட்டிப்போனவன் அப்படிச் செய்தால் அவளை வேண்டாம் என்று சொல்கிறான் என்றுதானே அர்த்தம், வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவன் எல்லாம் அப்படித்தானே சொல்கிறான். உன் மனசு அவளுக்குத் தெரியும் என்று நினைத்து நானும் அன்றைக்கு விட்டுவிட்டேன். அது போதாதென்று, பரிமாறிய பெண்ணுக்கு பெர்மெத் கொடுத்த பங்கைவிடக் கூடுதலாக டிப்ஸ் வைத்தாயாம். ஓட்டல்காரன் அதையும் பில்லிலேயே சேர்த்துப் போட்டுவிடுகிறானே, மறந்துவிட்டாயா? அந்தப் பரிமாறினவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், நிச்சயத்துக்குப் பிறகுதான் நம் காதுக்கு வந்தது. "உன் பையன் கட்டிக்கப்போறவகிட்ட கணக்குப் பாத்தான், தட்டு எடுத்தவகிட்ட வள்ளலாயிட்டான்" என்று அப்பா சொல்லிச் சிரித்தார், அப்புறம் எழுந்து கன்றைப் பார்க்கப் போய்விட்டார். பெர்மெத் உன் போனை எடுக்காததற்கு ஆஸ்பத்திரி வேலை காரணம் என்று நீ நினைத்தாய், நானும் அப்படியே நினைத்தேன். தோடு வாங்கிக்கொண்டு போய்ப் பெண் கேட்கட்டுமா என்றதற்கு, வேலை நிரந்தரமாகட்டும் பொறு என்றாய்.

நிச்சயத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், போகாமல் இருக்க முடியுமா? அடுப்படியில் விருந்துக்கு மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொடுத்தேன். அத்பாஷியிலிருந்து வந்த மாமியார்க்காரி அவள் காதில் தோடு மாட்டிவிட்டாள், நான் மாட்டியிருக்க வேண்டியது, பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெர்மெத் அடுப்படிக்கு வந்து, "அத்தை, எர்மெக்குக்கு என்னைப் புடிக்கலைன்னா அன்னிக்கே நேரா சொல்லியிருக்கலாமே" என்றாள். என்னையும் அறியாமல், "அடி பைத்தியமே, உனக்குத் தோடு போட என்னை அனுப்பறதா இருந்தாண்டி" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் பர்சை மெதுவாத்தான் தொறந்தேன் அத்தை. அவன் கையப் புடிச்சுத் தடுப்பான்னு, காசு கெடைக்காத மாதிரி ரொம்ப நேரம் தேடிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அதற்குள் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாப்பிள்ளை வாத்தியார், நல்ல பையன் என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை ராசா, வருத்தம்தான், நீ கெட்ட மனசோடு செய்யவில்லையே. நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், உன் வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அவளுக்குப் போன் போடாதே. வாழ்த்துச் சொல்லவேண்டுமானால் எனக்கு எழுது, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா,
சாய்ரா