டொக்டர் வேதவல்லி கேட்ட விலை

2012 செப்டெம்பர் 4, செவ்வாய்

இன்று ஒன்பது பிழை பிடித்தேன். ஒரு காப்புறுதிக் கம்பனியின் மென்பொருளில் பிழை தேடுவதற்குத்தான் மெல்பேர்ண் மல்கிரேவில் எனக்குச் சம்பளம். அதே வேலையை வீட்டில் இலவசமாகச் செய்தால் மனைவி விமலாவுக்குப் பிடிப்பதில்லை.

பின்னேரம் எங்கள் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஈமெயில். வன்னியில் போரில் கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் போட இணையத்தில் ஏலம் நடத்துகிறார்களாம். அங்கத்தவர்கள் பொருளோ உழைப்போ கொடுக்கலாம். விலை கேட்பதற்கு அங்கத்தவராக இருக்கத் தேவையில்லை, ஒரு கணக்குத் திறந்தால் போதும். காஞ்சிபுரம் சேலை, குத்துவிளக்கு, சந்திரவதனா அன்ரியின் மட்டன் ரோல்ஸ் நூறு. பதினோராவது தலைவர் குணரத்தினத்தின் நன்கொடை: கார் பழகுபவருக்குப் பக்கத்தில் இருந்து இருபது மணித்தியாலப் பயிற்சி. அறுபதில் போகிற வீதியில் நாற்பதில் போகிற மனிதர் அவர்.

யூலையில் நடந்த தலைவர் தேர்தலில் அவரிடம் மூன்று வாக்கால் தோற்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமலா யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவுமில்லை.

செப்டெம்பர் 6, வியாழன்

பதினோராம் பொருளை ‘யசோ’ என்று ஒருவர் ஐம்பது டொலருக்குக் கேட்டிருக்கிறார். வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பது டொலர்த் தலைவர்.

ஒரு சின்ன விளையாட்டு விட்டேன். புது ஈமெயில், புதுக் கணக்கு: டொக்டர் வேதவல்லி, வெஸ்ட்மீட், சிட்னி. நூற்றைம்பது டொலர். சிட்னி டொக்டர் கார் பழக மெல்பேர்ணுக்கு ஏன் வருவா என்று யாராவது கேட்பார்கள், நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு முடியும்.

செப்டெம்பர் 8, சனி

யாரும் கேட்கவில்லை. குணரத்தினம் தொலைபேசி எடுத்தார், தேர்தலுக்குப் பிறகு முதல்முறையாக. சிட்னியில் ஒரு லேடி டொக்டர் தன் பயிற்சியைக் கேட்டிருக்கிறாவாம். தன் பெயர் அங்கேயும் தெரிந்திருக்கிறதாம். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது.

யசோ நூற்றெண்பது. டொக்டர் இருநூற்றைம்பது.

செப்டெம்பர் 9, ஞாயிறு

யசோ 300. டொக்டர் 350. யசோ 380. யாரடா நீ, யசோ?

செப்டெம்பர் 12, புதன்

மாலை ஆறுக்கு ஏலம் முடிந்தது. யசோ கடைசியாகக் கேட்டது 610. அதற்கு மேல் வரவில்லை. டொக்டர் 620 என்றாலே போதும். கை சும்மா இருக்கவில்லை. நாலாயிரம் என்று அடித்துவிட்டேன்.

ஏழு மணிக்குள் குணரத்தினத்தின் ஈமெயில் எல்லோருக்கும் வந்துவிட்டது. நாலாயிரத்தை நம்பி, இன்னும் ஐந்து பிள்ளைகளுக்கு அளவெடுக்கச் சொல்லி வன்னிக்கு அறிவித்துவிட்டாராம்.

காசு கைக்கு வருமுன் இந்த மனிதனுக்கு என்ன அவசரம்? இது அவருடைய பிழை.

அவருடைய பிழைதான்.

செப்டெம்பர் 19, புதன்

டொக்டர் பதில் போடவில்லை. எப்படிப் போடுவா? குணரத்தினத்தின் மருமகள் சிட்னியில் நேர்ஸ். வெஸ்ட்மீட் பக்கம் அப்படி ஒரு டொக்டரே இல்லை என்று விசாரித்துச் சொல்லிவிட்டாளாம்.

செப்டெம்பர் 23, ஞாயிறு

ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் அவசரக் கூட்டம். நான் எதிர்பார்த்திருந்த காட்சி: தலைவர் முகத்தில் கரி. கரி இருந்தது. ஆனால் பார்க்க நினைத்த அளவு நன்றாக இல்லை. அவர் எழும்பி நின்று, “அஞ்சு பிள்ளையளுக்கும் அளவெடுத்தாச்சு. நான் இப்ப என்னத்தைச் சொல்லுறது?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

அறுநூற்றுப்பத்துக்குக் கேட்டவருக்கே கொடுக்கலாமே என்றா சந்திரவதனா அன்ரி. அவரும் போலி இல்லை என்று யாருக்குத் தெரியும் என்றார் பொருளாளர். முதலில் விசாரிக்க வேண்டும் என்று முடிவாகியது. விசாரணைக் குழுவுக்குக் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் வேண்டும். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஏற்றுக்கொண்டேன். குழுவில் நான் ஒருவன்தான்.

செப்டெம்பர் 27, வியாழன்

யார் எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்று ஏலத்தளம் எழுதி வைத்திருக்கிறது. டொக்டர் வேதவல்லி வந்தது என் வீட்டு இணைப்பிலிருந்து. இதை வாசிக்கத் தெரிந்தவன் சங்கத்தில் நான் மட்டும்.

யசோ வந்தது ஸ்பிரிங்வேல் நூலகத்திலிருந்து. முழுப்பெயர் யசோதரன். கணக்குத் திறந்தது செப்டெம்பர் 5, டொக்டருக்கு ஒரு நாள் முன்பு.

செப்டெம்பர் 30, ஞாயிறு

அறிக்கை கொடுத்தேன். முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். அது போதவில்லை. கூட்டத்துக்கு வந்த பதினாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான், இரண்டு கணக்கும் அடுத்தடுத்த நாளில் திறக்கப்பட்டவை, மற்றக் கணக்கு பொது நூலகத்திலிருந்து வந்தது என்று சொன்னேன்.

இரண்டும் உண்மை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஆர் இந்த யசோதரன்? அகதியாகப் போட்டில் வந்த பெடியன். மரக்கறிக் கடையில் வேலை. அவனுக்கு ஏது அறுநூற்றுப்பத்து? இரண்டு பெயரில் தனக்குத் தானே போட்டியாகக் கேட்டுச் சங்கத்தோடு விளையாடியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பாகியது. என் ஆராய்ச்சியைக் குணரத்தினம் பாராட்டினார்.

ஒக்டோபர் 2, செவ்வாய்

நூற்றிநாற்பது அங்கத்தவர்களுக்கும் ஈமெயில். யசோதரனின் பெயர் தடித்த எழுத்தில். சங்க நிகழ்வுகளுக்கு அவர் வரக்கூடாது.

தடித்த எழுத்து தேவையில்லை.

ஒக்டோபர் 6, சனி

வந்தான். இரண்டு பஸ் மாறி. முப்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், சேர்ட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். விமலா யாரென்று தெரியாமலே உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

அகதிகள் தடுப்பு முகாமில் கம்பிக்குள் ஒன்பது மாதம் இருந்துவிட்டு இந்த வருடம்தான் வெளியே வந்திருக்கிறான். தற்காலிக விசா, வழக்கு இன்னும் முடியவில்லை. லைசன்ஸ் எடுத்தால் டெலிவரி வான் ஓட்டும் வேலை தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பழக்கிவிட ஆளில்லை. பணம் கட்டிப் பழகலாம்தான், ஆனால் இதில் போட்டால் அது ஊர்ப் பிள்ளைகளுக்கும் போகுமே என்று நினைத்தானாம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு என்வலப்பை எடுத்து மேசையில் வைத்தான். “அறுநூற்றுப்பத்து இருக்கு அண்ணை. ஏலம் முடியிற அண்டே எடுத்து வைச்சனான். நான் பொய்க்குக் கேக்கேல்லை. உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியும் எண்டு சொன்னவை, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இதை இமிகிரேசனுக்கு அறிவிப்பினமோ?” என்றான்.

பார்க்கிறேன் தம்பி என்றேன். வேறென்ன சொல்லுறது? என்வலப்பைத் திருப்பிக் கொடுத்தேன், நல்லவன் மாதிரி. என்னத்தைப் பாக்கிறது நான்? எல்லாத்தையும் பாத்தவன் நான்தானே. அவன் படியிறங்கி, பஸ் தரிப்பு எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் நிண்டு — நான் கையைக் காட்டினன். அதுதான் நான் செய்த உதவி.

ஒக்டோபர் 7, ஞாயிறு

கோடைக்கு நேரம் மாற்றினார்கள். ஒரு மணித்தியாலம் காணாமல் போனது. மற்ற இருபத்துமூன்றையும் என்ன செய்வது?

ஒக்டோபர் 9, செவ்வாய்

குசினியில் விமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “வேதவல்லி எண்டு உங்களுக்குப் படிப்பிச்ச ரீச்சர் ஒராள் இருந்தவ என்ன?”

“ஓம், இருந்தவ.”

வெங்காயம் நறுக்கி முடிந்தது.

ஒக்டோபர் 14, ஞாயிறு

குணரத்தினத்தின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. அடிப்பார், ஏசுவார், வெளியே போ என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதை வெளியில விடேலாது யோகேஸ்வரன்,” என்றார் கடைசியில். “உம்மட பேர் போறது ஒரு பக்கம். நான் அனுப்பின ஈமெயிலும் பிழையெண்டு வரும். அந்தப் பெடியன் எப்பிடியும் சங்கத்துக்கு வாற ஆளில்லைத்தானே.”

ஐந்து பிள்ளைகளுக்குமான பணத்தை இரண்டு பேரும் பாதி பாதியாக, சத்தமில்லாமல் போடுவோம் என்றார். வடை வந்தது. பதினெட்டு வருடப் பழக்கத்தில் முதல்முறையாக என்னைக் கேற் வரைக்கும் வந்து வழியனுப்பினார். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

ஒக்டோபர் 16, செவ்வாய்

உண்மையைச் சொல்லியாயிற்று. கேட்டவர் வேண்டாம் என்கிறார். என் கடமை முடிந்தது.

முடிந்ததா?

ஒக்டோபர் 20, சனி

ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கப் போனேன். வழக்கமான கடை இல்லை, அவன் வேலை செய்கிற கடை. ஏன் போனேன்? அவன் இல்லை. முதலாளி எங்கள் அங்கத்தவர், நூற்றிநாற்பதில் ஒருவர். நான் கேட்காமலே சொன்னார்: ஈமெயிலைப் பார்த்ததும் அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டாராம். “காசு புழங்கிற இடம் அண்ணை. நல்லகாலம் நீங்கள் கண்டுபிடிச்சனீங்கள்.”

என்னிடம் கத்தரிக்காய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒக்டோபர் 21, ஞாயிறு

காலை பத்து மணி. குணரத்தினத்தின் பழைய ஈமெயிலைத் திறந்து, எல்லோருக்கும் பதில் என்ற இடத்தை அழுத்தி எழுதினேன்:

‘டொக்டர் வேதவல்லி நான்தான். என் வீட்டிலிருந்து, என் கையால். நாலாயிரத்தையும் நானே கட்டுகிறேன். யசோதரன் கேட்ட விலை உண்மையான விலை. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. விசாரணையில் நான் அதை மறைத்தேன். யோகேஸ்வரன்.’

அனுப்பிவிட்டு விமலாவிடம் போய்ச் சொன்னேன். நாலாயிரம் அவளுடைய குசினியைத் திருத்த வைத்திருந்த காசிலிருந்துதான் போகும் என்பதையும் சேர்த்து. “பழைய குசினியிலயும் சமைக்கலாம்,” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

ஒக்டோபர் 22, திங்கள்

நூற்றிநாற்பது பேரில் மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் பெயரை ஈமெயில் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்கிறார். ஒருவர் ‘வெட்கம்’ என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். சந்திரவதனா அன்ரி, மட்டன் ரோல்ஸை எண்பது டொலருக்குக் கேட்டதும் நான்தானா என்று விசாரிக்கிறா.

அது நானில்லை. நம்புவாவா?

ஒக்டோபர் 28, ஞாயிறு

நாலாயிரம் கட்டினேன். பொருளாளர் பற்றுச்சீட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறார், கூடவே விதிமுறைப்படி ஒரு கடிதம்: பதினோராம் பொருளை வென்றவர் நான். குணரத்தினத்தோடு காரில் இருபது மணித்தியாலம் எனக்குச் சொந்தம். சட்டம் எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கண்டுபிடித்திருக்க முடியாது.

நவம்பர் 3, சனி

யசோதரன் இருக்கும் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டோம். மன்னிப்புக் கேட்டேன். இருபது மணித்தியாலத்தையும் அவன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். கடை முதலாளி திரும்பக் கூப்பிட்டாராம். அவன் போகவில்லை, வேறு இடத்தில் பெட்டி அடுக்குகிறான்.

“என்னில ஏதும் கோவமிருந்தோ அண்ணை?”

இல்லை, உன்னைத் தெரியாது, குணரத்தினத்தில் இருந்த கோபம்தான் என்றேன்.

“என்னைத் தெரியாமலே,” என்றான். “கோவத்தில செய்திருந்தா நான் விளங்கிக்கொள்ளுவன்.”

பயிற்சியைச் சும்மா எடுக்கமாட்டானாம். கேட்ட விலையைச் சங்கத்துக்கே நேரே கட்டிவிட்டு எடுப்பானாம். கதவைச் சாத்தும்போதுகூட மெதுவாகத்தான் சாத்தினான்.

நவம்பர் 6, செவ்வாய்

குதிரைப் பந்தய விடுமுறை. விமலா இன்று என்னோடு கதைத்தாள். குப்பை வாளியை வெளியே வைக்கச் சொன்னாள்.

நவம்பர் 18, ஞாயிறு

என் வீதியால் ஒரு கார் போனது. நாற்பதில். பின்கண்ணாடியில் பழகுபவருக்கான மஞ்சள் எல் பலகை. யசோதரன் ஓட்ட, குணரத்தினம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து கையால் ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். பின்னால் நாலு கார் பொறுமையிழந்து நின்றன. அந்தப் பெடியனிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. கேட்டிருந்தால் இருபது மணித்தியாலமும் அதற்கே சரியாகியிருக்கும்.

2013 பெப்ரவரி 22, வெள்ளி

யசோதரன் லைசன்ஸ் எடுத்துவிட்டான். முதல் தடவையிலேயே. எனக்குச் சொல்லவில்லை. விமலாவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சங்கப் பொதுக்கூட்டம். கடைசி வரிசையில் இருந்தேன், பக்கத்துக் கதிரைகள் இரண்டும் காலி. புதிய அங்கத்தவராக யசோதரனின் பெயரைக் குணரத்தினம் பிரேரித்தார். நான் கை உயர்த்தினேன். எண்ணியவர்கள் என் கையைச் சேர்த்தார்களா தெரியாது. சேர்க்காமலே நிறைவேறியது.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

இந்த வருட ஏலத்துக்குப் புது விதி: விலை கேட்க விரும்புகிறவரைத் தெரியும் என்று இரண்டு அங்கத்தவர்கள் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். முன்பின் தெரியாத ஆட்கள் நுழையாமல் இருக்கத்தான். பதினெட்டு வருட அங்கத்தவனுக்கும் அதே படிவம்.

விமலா வைத்தாள். இரண்டாவது கையெழுத்துக்கு இரண்டு கிழமையாக அலைந்தேன். ஒருவருக்குக் கைவலி. ஒருவர் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றார், அரைப்பக்கப் படிவத்தை.

இன்று மண்டப வாசலில் ஒரு வெள்ளை டெலிவரி வான் வந்து நின்றது. யசோதரன் இறங்கி, குத்துவிளக்குப் பெட்டிகளை உள்ளே தூக்கிப் போனான். திரும்பி வரும்போது என் கையில் இருந்த தாளைப் பார்த்தான். நான் கேட்கவில்லை. அவன் தாளை வாங்கி, வானின் பக்கத்தில் வைத்து, பொறுமையாக எழுதிக் கையெழுத்து வைத்துத் திருப்பித் தந்தான். “போயிட்டு வாறன்,” என்று மட்டும் சொன்னான்.

வான் திரும்பிப் போன பிறகுதான் வாசித்தேன். இவரை எத்தனை காலமாகத் தெரியும்: ஒரு வருடம். எப்படித் தெரியும்: ஏலத்தில்.