யானைக்குட்டியின் நிழல்

மகள் செல்லாயிக்கு,

வெற்றிலை வாங்க அலோர் காஜா போகிறேன். தாம்பூலம் மாற்ற ரெம்பியாவிலிருந்து தம்புசாமி சம்பந்தி மதியம் வருகிறார். வெள்ளித் தட்டைத் துலக்கி வை. பெட்டிச் சாவி சாமி மாடத்தில் இருக்கிறது.

நேற்றுக் கொட்டகையில் பார்த்த கார்ட்டூனில் யானைக்குட்டி தன் நிழலை உரித்து ஏணியாக்கி ஏறியதே, அந்தச் சக்தி யானையுடையது என்றேன். நிழலுடையது என்றார் சம்பந்தி. நீயும் அத்தனை பேர் முன்னால், "மாமா சொல்றதுதான் சரிப்பா" என்றாய்.

"பாத்தீங்களா, மருமக இப்பவே நம்ம பக்கம்லா!" என்று அவர் சிரித்தார். அதனால்தான் காலையில் உன்னோடு பேசவில்லை.

நான் சொன்னதே சரி. அதே கார்ட்டூனில் அந்த நிழலைத் திருடிக்கொண்டு ஏறிய நரி கீழே விழுந்தது. சக்தி நிழலில் இருந்தால் நரியையும் தாங்கியிருக்கும்.

சம்பந்தத்தை முறித்துவிடுவேனோ என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். கொடுத்த வாக்கை ஒரு யானைக்குட்டிக்காக மாற்றுகிறவன் இல்லை நான்.

அப்பா

சம்பந்திக்குக் காரம் ஆகாது. கோழிக்கறியில் மிளகாயைக் குறைக்கச் சொல்.

இன்னொன்று. அந்த வீட்டுக்குப் போன பிறகும் இந்தப் பேச்சு வரும். அப்போது அப்பா பக்கம் பேசு. நரியை மறந்துவிடாதே.