தாமதமாக உதித்த சூரியன்

பிப். 2, திங்கள். கிழக்குக் காற்று. உதடு வெடிப்பு.

இன்று சொல்லாதது: "முரளி அண்ணா, உங்க நிரல்ல சூரியன் லேட்டா உதிக்குது."

ஆய்வகத்தில் அவருடைய முனைவர் பட்ட வைவாவுக்கு ஒத்திகை. துருவக் குளிர்காலம், இருபது கிலோமீட்டர் உயரம், ஓசோன் இழப்பு. கணினிக் கணக்கும் பலூன் அளவீடும் அப்படியே பொருந்தின. பொருத்திய விதம் எனக்குத் தெரியும். அந்த உயரத்தில் தரைக்கு முன்பே விடியும். இவர் போட்டிருப்பது தரையின் விடியல். வெயில் பிந்தியதால் ஓசோன் அழிவு குறைந்தது. ஈடுகட்ட, மேகம் உறையும் வெப்பநிலையை ஏற்றிவிட்டார். மேகம் கூடியது, அதில் கிளம்பும் குளோரின் கூடியது, அழிவும் கூடியது. எங்கள் வழிகாட்டி மேடம் கைதட்டினார். முரளி என் பக்கம் திரும்பினார்:

"ஏங்கண்ணு, கேக்கறதுக்கு ஏதாச்சு இருக்குதா, இல்ல வடை திங்கத்தான் வந்தியா?"

எல்லாருக்கும் சிரிப்பு. வடை தின்றேன். வெள்ளிக்கிழமை வைவாவில் வெளியூர்ப் பேராசிரியர் கேட்கட்டும். அவர் முன்னால் விழட்டும்.

பிப். 3, செவ்வாய். கொழிஞ்சாம்பாறையில் ஆறேமுக்கால் பஸ். ஸ்டாண்டில் இன்னும் விடியவில்லை, நெல்லியாம்பதி மலை உச்சியில் வெயில். முன் சீட்டில் முரளி, வாயைத் திறந்து தூக்கம். நாலு வருஷமாக இதே பஸ்.

ஆய்வகச் சட்டம்: ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, தலைப்பில் பெயரிட வேண்டும். படிப்பவர் யார்? ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு பெயர். முரளி நிரலுக்கும் எந்த மடையனோ படிக்காமல் பெயரிட்டிருப்பான். நான் அவருடைய சூரியப் பகுதியை மட்டும் வெட்டி என் கணக்கில் ஒட்டியபோதுதான் பிழை தெரிந்தது. என்னுடையதில் திருத்திவிட்டேன்.

வாங்க: சோப்பு, பேனா.

அத்தா கடையில் யாரோ கேட்டார்களாம், உங்க மகளைக் கேட்டுச் சொல்லுங்க, ஓசோன் ஓட்டை அடைபட்டுவிட்டதா என்று. என்ன சொல்லட்டும் என்கிறார். எரிச்சல்.

பிப். 6, வெள்ளி. பேராசிரியர் கேட்டார். முதல் கேள்வியே விடியல். முரளிக்கு வியர்த்தது. எனக்கு இனித்தது, ஒரு நிமிடம்.

பேராசிரியர் நிரலைத் திரையில் திறக்கச் சொன்னார். முதல் வரி: எழுதியவர், முரளி. இரண்டாம் வரி: சரிபார்த்தவர், ஷமீமா. நானேதான். போன வருஷம். ஒரு டீ.

மேடம் என் நிரலையும் திறந்தார். அதில் சூரியன் சரியாக உதித்தது. திருத்திய தேதி ஜன. 23.

முரளி, மெதுவாக: "தெரிஞ்சேதான் வடை தின்னியா, கண்ணு?"

அவருக்கு ஆறு வாரத் திருத்தம். வரிவரியாகச் சரிபார்க்க, ஆறு வாரமும் அவர் மேசையில் நான்.