ஒன்பது ஏக்கர் சதுப்பு

தங்கச்சிக்கு,

நேரில் சொன்னால் நீ உடனே மன்னித்துவிடுவாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சதுப்பு நிலத்தைக் காக்க நம் சங்கத்தைத் தொடங்கிப் பதினொரு வருஷம். முள் வெட்டி, வேலி போட்டு, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் நான். நீ வந்து இரண்டே வருஷத்தில் தலைவி. எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், பாதி.

திங்கட்கிழமை, என் வீட்டில் இருக்கும் சங்கத்துத் தொலைபேசியில் அந்த வயதான டாக்டரம்மா கூப்பிட்டார். குளத்தை ஒட்டிய ஒன்பது ஏக்கரையும் நமக்கே எழுதித் தருகிறாராம். அதைக் கேட்டுக் கேட்டு அவர் வாசற்படியை நான் தேய்த்திருக்கிறேன்.

"உங்க தங்கச்சி, அந்தச் சின்னவங்க இருந்தா போனைக் குடுங்கம்மா. அவங்க பேசினா மனசு நெறையுது" என்றார்.

நீ என் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"ஊர்ல இல்லைங்க" என்றேன்.

இன்று மறுபடி கூப்பிட்டார். வீடு கட்டி விற்பவர்கள் நெருக்குகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நீ போகாவிட்டால் நிலம் அவர்களுக்குத்தான். என் வயிற்றெரிச்சல் என்னோடு போகட்டும், அந்த நாரைகள் என்ன பாவம் செய்தன?

நாளைக் காலையே போ. வரைபடம் இதோடு இருக்கிறது. வடக்கு எல்லைக்கல் எங்கே என்று உனக்குத் தெரியாது, சிவப்பில் குறித்திருக்கிறேன்.

பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

உன் அக்கா