மருந்து இல்லாத தட்டு

1944 ஆகஸ்ட் 7, திங்கள்

மேல்காற்று. ஜன்னலைச் சாத்தியும் ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் மேசையெல்லாம் மண். கீழவைப்பாரிலிருந்து கஞ்சிப்பாசி, கூழ் காய்ச்சும் கடல்பாசி, ஒரு சாக்கு வந்தது. அலச வேண்டும், காய்ச்ச வேண்டும். ஸ்பிரிட் விளக்குக்குத் திரி இல்லை. வீட்டுக்கு: மண்ணெண்ணெய், கருப்பட்டி.

சங்கு குளிக்கிற சூசை வந்திருந்தார். ஜூனிலிருந்து மூன்றாம் நம்பர் மருந்துதான் கொடுக்கிறோம். பாதத்தில் வீக்கம் வற்றவில்லை. கணுக்காலுக்கு மேலும் புதுத் துளைகள், அவற்றில் பூஞ்சையின் அதே கறுப்புக் குருணை. டாக்டர் என்னிடம், "என்னவே ஞானம், உம்ம தட்டுல பூஞ்சையக் கொல்லுத மருந்து கால்ல கொல்ல மாட்டேங்கே. திரும்பப் போட்டுப் பாரும்" என்றார்.

சரி என்றேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பாசியைக் காய்ச்சி ஆறவைத்த கூழில் சூசையின் பூஞ்சையை நடுவோம். ஒரு தட்டில் மருந்து கலந்து, இன்னொன்றில் கலக்காமல். கலக்காததில் வளர்ந்தால்தான், கலந்ததில் வளராததற்கு மருந்து காரணம் என்று சொல்லலாம். ஜூனில் கூழ் ஒரு தட்டுக்குத்தான் இருந்தது. மருந்து இல்லாத தட்டை நான் போடவே இல்லை. நோட்டில் மட்டும்: "மருந்து இல்லாதது: நன்றாக வளர்ந்தது." எப்போதும் வளர்வதுதானே என்று எழுதிவிட்டேன். அதை நம்பித்தான் டா. கால் எடுப்பதைத் தள்ளிப்போட்டார்.

ஆகஸ்ட் 16, புதன்

காற்று நிற்கவில்லை. கண் எரிச்சல்.

ஜூனில் செய்தது போலவே வெளுத்த பாசியில் போட்டேன், இந்த முறை இரண்டு தட்டும். மருந்து உள்ளது: ஒன்றுமில்லை. இல்லாதது: ஒன்றுமில்லை.

பிளீச்சிங் பவுடர். அதுவேதான். சண்டையில் ஜப்பானிலிருந்து வரும் பாசிச் சரக்கு நின்றதிலிருந்து நம் பாசிதான். கூழ் பழுப்பாக இருக்கிறது என்று டா. முகம் சுளித்தார். ஜூனில் நானாகப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெளுத்தேன். "பேஷ், ஜப்பான்காரன் தோத்தான்" என்றார். ஒரு வாரம் தலைகால் புரியவில்லை எனக்கு. சரியாக அலசவில்லை. பூஞ்சையைக் கொன்றது மருந்து அல்ல, என் வெளுப்பு. பிறகு பூஞ்சை வேலையே வராததால் குட்டு உடையவில்லை. அந்த ஒரு தட்டைப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வெளுக்காத பாசியில் மறுபடி போட்டிருக்கிறேன். டா.விடம் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

ஆகஸ்ட் 26, சனி

பழுப்புக் கூழ். இரண்டு தட்டிலும் பூஞ்சை, ஒரே அளவு. மருந்து இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

நாளை கோயிலில் பாட வேண்டும். தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. இதுவும் பொய்.

ஆகஸ்ட் 28, திங்கள்

சொல்லிவிட்டேன். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இந்த வரிய எழுதினது நீருதானா?"

"ஆமா சார்."

"தட்டே போடாம?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜூன்ல எடுத்திருந்தா பாதத்தோட போயிருக்கும்வே. இப்ப முட்டிக்கு மேல."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சண்டை நேரத்தில் வேறு ஆள் கிடைக்காதாம், நானே இருக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

வார்டில். டா. சூசையிடம் "மருந்து தோத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னார். என்னைக் காப்பாற்றினாரா, மீதியைச் சொல்லும் வேலையை எனக்கு விட்டாரா, தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

சூசை தன் காலைப் பார்த்துக் கேட்டார்: "இனிமே முங்க முடியாது. வள்ளத்துல உக்காந்து கயிறு பிடிக்கலாம்லா, டாக்டர்?" அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கால் எடுக்கச் சம்மதத் தாள். சூசை கைநாட்டு வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு டா. நர்ஸைக் கூப்பிடத் திரும்பினார்.

"எதுக்கு? இந்தத் தம்பி போடட்டும்" என்றார் சூசை. "எனக்காவ இத்தன மாசம் பாடுபட்டிருக்காவ. தப்பா ஒண்ணும் எழுத மாட்டாவ."

டா. பேனாவை என்னிடம் நீட்டினார்.

போட்டேன். முழுப் பெயரும்.