இருபத்து நான்கு முதுகுப் பலகைகள்

மார்ச் 4, செவ்வாய்

பதுளையில் மூன்றாவது நாளாக மழை. ஸகீனா டீச்சரின் முன்பள்ளிக்கு இருபத்து நான்கு சிறு நாற்காலிகள் என் தச்சுப் பட்டறையில் செய்ய வேண்டும். முதுகுப் பலகைக்கான டெம்ப்ளேட்டை, அதாவது மாதிரி அச்சை, நானே பிளைவூட்டில் வெட்டித் தேய்த்து முடித்தேன். வேலையாள் வீரய்யாவைத் தொட விடவில்லை. வளைவு என்பது கணிதம்; பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் கற்பித்தேன். அதிபர் பதவியை மட்டும் அம்பலவாணருக்குக் கொடுத்தார்கள். அந்த ஆள் ஒரு வட்டத்தை ஒழுங்காக வரைந்து நான் கண்டதில்லை.

மார்ச் 5

வீரய்யா மரம் குடையும் ரவுட்டர் மெஷினைப் பிடித்திருக்கிறான். அதில் சுழலும் வெட்டுப் பிட்டின் நுனியிலுள்ள பேரிங் டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொட்டு உருள, அதோடு ஒட்டிய மரம் அதே உருவில் வெட்டுப்படுகிறது. யோசிக்கத் தேவையில்லாத வேலை. அவனுக்கேற்றது.

மார்ச் 11

நாசம். முதல் நாற்காலியைப் பார்க்க டீச்சர் வந்திருந்தார். முதுகின் விளிம்பில் விரலை வைத்தால் இடப்பக்கம் ஒரு பள்ளம். அடுத்த பலகையிலும். எல்லாவற்றிலும்.

"புள்ளைகள் சாயிற இடம் சேர்" என்றார்.

எனக்குத் தலை வெடித்தது. "மறுபடி குடிக்கத் தொடங்கிட்டியா? கை நடுங்குதா?" என்று டீச்சர் முன்னாலேயே வீரய்யாவைக் கேட்டேன். வீரய்யா குடியை விட்டு ஆறு வருடம். தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அவன் ரவுட்டரின் வயரைப் பிடுங்கி, அழகாகச் சுற்றி வைத்தான். "நான் வாறேங்க சேர்." அவ்வளவுதான்.

பதினொரு வருடம் சோறு போட்டவனுக்கு இது!

மார்ச் 12

வரவில்லை. வராமல் எங்கே போவான்?

மார்ச் 15

எதையாவது காப்பாற்றலாமா என்று இருபத்து நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். பள்ளங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக, ஒரு வாய்க்கால் மாதிரி நின்றன. நடுங்குகிற கை இருபத்து நான்கு தடவையும் ஒரே இடத்திலா நடுங்கும்? டெம்ப்ளேட்டை எடுத்து மேலே வைத்தேன். வாய்க்கால் அதற்குள்ளும் ஏறியது.

நான் தேய்த்த இடம். பக்கத்தில் என் கையெழுத்து, திகதியோடு.

மனைவி சுலோஜனாவிடம் காட்டினேன். தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "வீரய்யா வெட்டத் தொடங்கின அன்னைக்கே எங்கிட்ட சொன்னாருங்க. 'பலகையில ஒரு குழி இருக்கும்மா, நீங்க சேர்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னா அடிக்க வருவாரு'ன்னு."

"ஏன்டி சொல்லல?"

"நான் சொன்னா மட்டும் கேட்டுக் கிழிச்சிருப்பீங்களாக்கும்."

யாருமே என்னிடம் எதையும் சொல்வதில்லையா? எப்போதிருந்து?

மார்ச் 23, ஞாயிறு

நமுனுகுல பஸ் பிடித்துப் போனேன். வீரய்யா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இல்லை. ஹல்துமுல்லையில் ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்துவிட்டானாம். அவன் மனைவி இராக்கம்மா வாசலை விட்டு நகரவில்லை.

"வாங்க சேர். உள்ள வந்து சாராய வாடை அடிக்குதான்னு மோந்து பாத்துட்டுப் போங்க."

பிழை என்னுடையது என்றேன்.

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? யாரு முன்னால கேட்டீங்களோ அவங்க முன்னால சொல்லுங்க. அந்த டீச்சரம்மா இன்னும் எங்க வீட்டு மனுசனக் குடிகாரன்னுதான நெனச்சுக்கிட்டு இருக்கும்."

ஆனாலும் தேத்தண்ணி கொடுத்தாள்.

மார்ச் 27

டீச்சரிடம் போகவில்லை. சுலோஜனாவிடம் மழை என்றேன். மழை இல்லை.

மார்ச் 31

இன்றும் போகவில்லை. என்ன மனிதன் நான்?

ஏப்ரல் 3

போனேன். முன்பள்ளி வாசலிலேயே நான்கு புதிய நாற்காலிகள்.

"நீங்க சுணங்கினீங்கதானே சேர், வேலைய வீரய்யாகிட்டயே குடுத்திட்டேன்" என்றார் டீச்சர். "அவர் உங்களப் பத்தி ஒரு சொல்லும் கொறச்சுக் கதைக்கல்ல."

சொல்ல வந்ததைச் சொன்னேன். அன்று அவன் குடித்திருக்கவில்லை. பள்ளம் நான் செய்த டெம்ப்ளேட்டில் இருந்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காக வெட்கப்பட்டாரோ என்னவோ.

பிறகு ஒரு நாற்காலியின் விளிம்பில் விரலை ஓட்டினேன். குறை தேடினேன் — இந்த டயரியிலாவது பொய் வேண்டாம். ஒன்றும் அகப்படவில்லை.

"எப்பிடி சேர்?"

"நல்லா இருக்கு" என்றேன். பதினொரு வருடத்தில் அவனிடம் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.