என் பாட்டுக்கு பேஸ் வாசித்த எபிக்கு

என் கண்ணு எபி,

யார் வீட்டு விசேஷத்துக்கு நான் போய் வந்தாலும் "யார் யாரு வந்திருந்தாங்க அக்கா" என்றுதான் நீ முதலில் கேட்பாய். அதனால் உன் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு வந்தவர்களைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். உன் பெண்டாட்டி மெர்சி. நம்ம பாஸ்டர், மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சபையில் குவாயர் பாட்டுக் குழுவை நடத்துகிற நம்ம பெரியப்பா மகன் சாலமன். கல்யாண ரிசப்ஷன்களில் உன்னோடு டிரம்ஸ் வாசித்த தொம்மலூர் நாகராஜ். உன் பேண்டில் கிட்டார் வாசித்த இம்தியாஸ். அன்றைக்கு உன் பேஸ் கிட்டாரை, அந்த அடிக்குரல் கிட்டாரை, வாசிக்க வந்த ஷீபா, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறாளே, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், அவள்தான். அப்புறம் நான். பாயில் உட்கார்ந்திருந்த சபை ஜனங்கள் பேரும் எனக்குத் தெரியும். எழுதினால் தாள் போதாது.

இத்தனை பேர் முன்னால்தான் நான் அப்படிப் பேசினேன். உனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இதை சபைப் பத்திரிகையில் போடச் சொல்லி பாஸ்டரிடம் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் முன்னால் பேசினதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். பிழை இருந்தால் இருக்கட்டும்.

ஜெபம் ஆரம்பிக்க நேரம் இருந்தது. உன் ஸ்பீக்கர் பெட்டியை நம்ம வீட்டு ஹாலில் இறக்கி வைத்த கையோடு வாசிக்க வந்தவர்கள் மூன்று பேரும் ஒரு பஞ்சாயத்தைத் தொடங்கினார்கள். பேஸ் கிட்டாரில் எந்த மாதிரிப் பாட்டுக்கு வாசிப்பது ரொம்பக் கஷ்டம் என்று. உன் படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டே நானும் கேட்டேன்.

"ஜாஸ்தான்," என்றான் நாகராஜ். "அதுல பேஸ் வாசிக்கிறவன் நடந்துகிட்டே இருக்கணும். தட்டுக்குத் தட்டு ஒரு சுரம். மத்தவனெல்லாம் நடுவுல தண்ணி குடிக்கலாம், அவன் நிக்கவே முடியாது."

"நடக்கிறதுல என்ன கஷ்டம் குரு," என்றான் இம்தியாஸ். "ஃபங்க் வாசிச்சுப் பாரு. கட்டைவிரலால கம்பிய அடிக்கணும், அடுத்த விரலால பிடுங்கி விடணும். எபி கையெல்லாம் கொப்புளமா இருந்துச்சே, மறந்துட்டியா?"

நான் மறக்கவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினது நான்தானே. "நாலு கம்பிய டும்டும்னு தட்டறதுக்கு இந்தக் கொப்புளம் வேறயா" என்று கேட்டதும் நான்தான்.

ஷீபா கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ துடைப்பாயே, அதே மாதிரி. "எனக்கு ரெகேதான் அங்கிள் பயம்," என்றாள். "அதுல வாசிக்கிறது கம்மி. சும்மா இருக்கிறதுதான் ஜாஸ்தி. எங்க சும்மா இருக்கணும்னு தெரியணும். அவசரப்பட்டு ஒண்ணு ஜாஸ்தியா வாசிச்சாலும் பாட்டு செத்துடும்."

"அப்போ மெட்டல்?" என்றான் நாகராஜ்.

"அது கை வலிக்கும், அவ்வளவுதான் அங்கிள்."

"எபிகிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்றான் இம்தியாஸ். நாகராஜ் சிரிக்க ஆரம்பித்தான். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மெர்சி சட்டென்று, "டீ ஆறுது, எடுத்துக்கங்க," என்றாள். அந்தச் சிரிப்பு ஏன் பாதியில் நின்றது என்று அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கடுதாசிக்கே வேலை இருந்திருக்காது.

பாட்டு ஆரம்பித்தது. உனக்குப் பிடித்த அந்தப் பழைய கீர்த்தனை. சபையில் அதை எடுத்துக்கொடுக்கிறது எப்பவும் நான்தான், உனக்குத் தெரியும். முதல் அடி ஒழுங்காகப் போனது. இரண்டாவது அடியின் கடைசியில் நான் இழுத்தேன். ஷீபா இழுக்கவில்லை, அடுத்த அடிக்குப் போய்விட்டாள். அவளைப் பிடிக்க நான் ஓடினேன். அவள் எனக்காக நின்றாள். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி அதே இடத்தில் சரிந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். உன் படத்துக்கு முன்னால், உன் பாட்டு, வண்டி குடை சாய்கிற மாதிரிச் சாய்ந்தது.

நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். "உனக்குத் தாளமே தெரியலயே. தாளம் தெரியாதவளுக்கு எபி கிட்டார் என்னத்துக்கு? கீழ வை," என்றேன்.

அவள் வைத்தாள். "சாரி ஆன்ட்டி," என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள். சாலமன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பாட்டை எடுத்தான். நான் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் எபி. உன் பாட்டின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு.

சபை ஜனங்கள் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நாகராஜிடம், "அவன் இருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டேன். அவன் தட்டை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், பேஜார் பண்ணிக்காதீங்க. எதுக்கு வாசிக்கிறது கஷ்டம்னு கேட்டா எபி ஜாஸ்னும் சொல்லமாட்டான், ஃபங்க்னும் சொல்லமாட்டான். எங்க அக்கா பாட்டுன்னுதான் சொல்லுவான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். புகழ்ச்சி என்று நினைத்தேன். "அவ்வளவு பெரிய பாட்டா என் பாட்டு?" என்று வேறு கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மெர்சி குனிந்து எச்சில் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் சிரிப்பை நிறுத்தினேன்.

இம்தியாஸ் தன் போனை எடுத்தான். நீ இருந்தபோது சபையில் ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் பாடினதை அவன் பிடித்து வைத்திருக்கிறான். "உங்க குரல விட்டுடுங்க அக்கா. அடியில எபிய மட்டும் கேளுங்க," என்று ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டிப் போட்டான்.

இத்தனை வருஷத்தில் உன்னை நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் நீ கம்பியை அதிரவிட்டுக் காத்திருக்கிறாய். நான் இழுத்தால் கூடவே இழுக்கிறாய். நான் திடீரென்று ஓடினால் நடுவில் இரண்டு சுரத்தை விழுங்கிவிட்டு எனக்கு முன்னால் போய் நிற்கிறாய், தடுக்கி விழுந்தால் பிடிக்கிற மாதிரி. நான் தப்பாக நுழைகிற இடத்தில் நீயும் தப்பாக நுழைகிறாய். இரண்டு பேரும் சேர்ந்து தப்பு செய்தால் கேட்கிறவர்களுக்கு அதுதானே சரி. ஜாஸாக இருந்தாலும் ரெகேயாக இருந்தாலும் எண்ணி வாசிக்க ஒரு கணக்கு இருக்கும். என்னிடம் என்ன கணக்கு இருந்தது? சலோமியின் தாளம் தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது என் தாளமே இல்லையா?

"உங்களப் பார்த்துக்கிட்டே நிப்பாரே அண்ணி, நீங்ககூட ஏன்டா மொறைக்கிறன்னு கேப்பீங்க," என்றாள் மெர்சி. "உங்க தோள் ஏறினா மூச்சு வாங்கப் போறீங்கன்னு அவருக்குத் தெரியும். அதுக்குத்தான் எடது பக்கம் ஒரு அடி பின்னாடி நிப்பார்."

கூச்சத்தில் நீ ஒதுங்கி நிற்கிறாய் என்றல்லவா நான் நினைத்தேன். "முன்னாடி வந்து நில்லுடா, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பதுங்கறியே" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நானும் கேட்டேன் அண்ணி. சொன்னா அக்கா எண்ணி எண்ணிப் பாடும், எண்ணிப் பாடினா அது அக்கா பாட்டே இல்லன்னாரு."

அதைக் கேட்டு நான் நெகிழ்ந்து அழுதேன் என்று எழுதினால் பத்திரிகையில் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. முகம் எரிந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, சாலமனுக்குக்கூட. எனக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாமல் அந்தப் பெண்ணை மழையில் அனுப்பினேன். அவள் ஒழுங்காக வாசித்தாள் எபி. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஷீபா சபைக்கு வரவில்லை. நான் பாடாத குவாயர் பாட்டுகளுக்கு நீ நிற்கிற இடத்தில் அவள் நிற்க ஆரம்பித்திருந்தாள், இப்போது அங்கே யாரும் இல்லை. ஜனங்கள் பாடுகிறார்கள். ஆனால் முன்பெல்லாம் பாடும்போது பெஞ்சுப் பலகையில் ஒரு அதிர்வு கைக்குத் தெரியும், அது இல்லை. அது நீதான் என்றுகூட எனக்குத் தெரியாது. பழைய கட்டடம், பஸ் போனால் அதிருகிறது என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் காக்ஸ் டவுனிலிருந்து அவள் வீட்டுக்கு நடந்தே போனேன். கேட் வரைக்கும் போனேன். உள்ளே நாய் குரைத்தது. நாய்க்குப் பயந்து திரும்பி வந்துவிட்டேன் என்று மெர்சியிடம் சொன்னேன். கட்டிப்போட்டிருந்த நாய் அது.

இந்தச் சனிக்கிழமை திரும்பி வரமாட்டேன். உன் கிட்டாரை ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், மெர்சி சம்மதித்துவிட்டாள். இனி அது ஷீபாவுடையது. அவள் கதவைத் திறந்தால், தாளம் தெரியாதவள் நான்தான் என்று அவள் வீட்டு ஆட்கள் முன்னால் சொல்வேன். சபைக்கு வா, நீ எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன், எங்கே மூச்சு வாங்கச் சொல்கிறாயோ அங்கே வாங்குகிறேன் என்று சொல்வேன். இந்த வயதில் எனக்கு அது வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் பாட்டை வேறு யாராவது எடுத்துக்கொடுக்கட்டும், நான் பெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

மனசில் வைத்திருந்ததை எல்லாம்கூட இறக்கிவிட்டேன். என் மகள் கல்யாணத்தில் என்னையே இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தானே சாலமன், அவனை மன்னித்தாயிற்று. நான் இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னை மைசூருக்கு வாசிக்கக் கூட்டிப் போனானே இம்தியாஸ், அவன் போனில் நீ இருப்பதால் அவனையும் மன்னித்தேன். நாகராஜின் சிரிப்பை மன்னித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்த மெர்சியையும் மன்னித்தேன்.

ஒரே ஒரு ஆளைத்தான் மன்னிக்க மாட்டேன். "அக்கா, கொஞ்சம் என் பக்கமும் கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு அடியில், நானும் உனக்காகக் காத்திருந்திருப்பேன். அந்த ஒரு தடவையைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டவன். உன்னைத்தான்டா சொல்கிறேன், எபனேசர்.

உன் கூடப் பிறந்த அக்கா,
சலோமி